சிறிய கேட்டமரான்: தேர்வு, எடை, பாய், நங்கூரம்

ஒற்றையுடல் பாய்ப்படகு வாய் விட்டுச் சொல்லிவிடும். காற்று மிஞ்சினால் சாயும், பாத்திரம் உருளும், தூங்குகிறவர்கூட எழுந்து வந்து "பாயைக் குறைக்கலாமா?" என்று கேட்பார். இரண்டு உடல்கள் கொண்ட கேட்டமரானில் 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கி.மீ. வேகம்) காற்றிலும் மேசைமேல் வைத்த தேநீர் அப்படியே நிற்கும். குடும்பங்கள் இதை விரும்புவதற்குக் காரணமும் அதுதான், இதில் ஏற்படும் பல விபத்துகளுக்கும் பழுதுகளுக்கும் காரணமும் அதுதான். சுமை அதிகமானாலும் பாய் அதிகமானாலும் படகு முனகாது. ஆகவே இதை எண்களை வைத்து ஓட்டப் பழக வேண்டும்: எத்தனை கிலோ, எத்தனை நாட், எத்தனை மீட்டர் சங்கிலி.

பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனது, வடிவம் பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணிகளிலிருந்து வந்தது. எனவே முன்முனைக்கு அணியம், பின்முனைக்கு அமரம், அடிமுதுகுக்கு ஏரா என்ற கடற்கரைச் சொற்களையே இங்கும் வைத்துக்கொள்வோம். இரண்டு உடல்களையும் இணைக்கும் தளத்தை நடுத்தளம் என்போம்.

எந்த அளவு?

இருவருக்கு 8.5 முதல் 10 மீட்டர் போதும். இரண்டு பிள்ளைகளோடு மாதக்கணக்கில் வசிப்பதானால் 10.5 முதல் 11.7 மீட்டர். அதற்கு மேல் போனால் பாயும் கயிறும் ஒருவர் கைக்கு அடங்காத கனமாகிவிடும். இருவர் ஓட்டும் படகு என்பது உண்மையில் ஒருவர் ஓட்டும் படகு, ஏனென்றால் மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார் அல்லது பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருப்பார். வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "தனியாக ஒருவர் இருட்டில் இரண்டாவது ரீஃப் போட முடியுமா?" என்பதே. (ரீஃப் என்பது பாயின் ஒரு பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பது.)

சிறியதிலும் ஒரு விலை உண்டு. ஒரு படகின் எல்லா அளவுகளையும் பாதியாக்கினால், பாயில் காற்று கொடுக்கும் கவிழ்க்கும் திருப்புவிசை எட்டில் ஒன்றாகிறது. படகைப் பிடித்து நிறுத்தும் திருப்புவிசையோ பதினாறில் ஒன்றாகிவிடுகிறது. அதனால்தான் நல்ல சிறு கேட்டமரான்களில் பாய்மரம் குட்டையாக இருக்கும். "இதற்கு இன்னும் கொஞ்சம் உயரமான மரம் போட்டால் பறக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அகலத்தையும் பாருங்கள். லகூன் 380 என்ற படகு வகையின் நீளம் 11.55 மீட்டர், அகலம் 6.53 மீட்டர். பல படகுத்துறைகளில் அதற்கு இரண்டு இடத்துக்கான வாடகை கேட்பார்கள். ஜெமினி 105 வகையின் அகலம் 4.27 மீட்டர்தான், ஒற்றையுடல் படகின் இடத்திலேயே நுழையும். ஆனால் குறுகிய படகில் காற்று 18 நாட் தொட்டதுமே பாயைக் குறைக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நடுத்தளத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளிதான் இந்தப் படகின் குணத்தையே தீர்மானிக்கிறது. 10 மீட்டர் படகில் முழுச் சுமையோடு 60 செ.மீ. இருந்தால் நன்று. 45 செ.மீ.க்குக் கீழே போனால், எதிர்க்காற்றில் ஒவ்வொரு குறுகிய அலையும் தளத்தின் அடியில் சுத்தியல்போல் அறையும். படகு உடையாமல் இருக்கலாம், உள்ளே இருப்பவர்களின் தூக்கமும் பொறுமையும் உடையும். விளம்பரத் தாளில் வெற்றுப் படகின் இடைவெளியைத்தான் போட்டிருப்பார்கள். நீங்களே அளவுகோலை எடுத்துக்கொண்டு டிங்கியில் (கூடவே வரும் சிறு படகில்) அடியில் போய் அளந்து பாருங்கள்.

நிலையான குட்டை ஏரா இருந்தால் மணலில் அப்படியே உட்காரும், பழுதாக எதுவும் இல்லை. இறக்கி ஏற்றும் பலகை இருந்தால் எதிர்க்காற்றில் நன்றாக ஏறும், ஆனால் பலகைப் பெட்டிக்குள் கூழாங்கல்லும் சிப்பியும் சிக்கி அசைய மறுக்கும். நீண்ட கரையோரப் பயணக் குடும்பத்துக்குக் குட்டை ஏராவே போதும்.

எஞ்சின் விஷயத்தில் 9 மீட்டருக்குக் கீழே நடுவில் ஒரு அவுட்போர்டு (வெளியே மாட்டும் எஞ்சின்) எடையிலும் செலவிலும் லாபம். குறை ஒன்றுதான்: குறுகிய அலையில் அமரம் எழும்பும்போது புரொப்பெல்லர் காற்றைக் கடைந்து வீணாகச் சுழலும், அதுவும் எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில். அதற்கு மேற்பட்ட நீளத்தில் உடலுக்கு ஒன்றாக இரண்டு டீசல் எஞ்சின் வைப்பது வழக்கம். பாயில் ஓடும்போது மடங்கும் புரொப்பெல்லர் இருந்தால் அரை முதல் ஒரு நாட் வேகம் மிச்சமாகும்.

எடை: ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நீர்மட்டத்தில் 9.5 மீட்டர் நீளமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள ஒரு உடல். முனைகள் கூர்மையானவை என்பதால் 0.7ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 6 சதுர மீட்டர். இரண்டு உடலுக்கும் 12. அதாவது கடல்நீரில் இந்தப் படகு 1 செ.மீ. அமிழ ஏறக்குறைய 120 கிலோ போதும்.

இப்போது நால்வர் குடும்பத்தை ஏற்றுங்கள். 8 மி.மீ. சங்கிலி 60 மீட்டர், மீட்டருக்கு 1.4 கிலோ வீதம் 84 கிலோ. நங்கூரம் 20. டிங்கியும் அதன் எஞ்சினும் 65. தண்ணீர் 300 லிட்டர், 300 கிலோ. டீசல் 150 லிட்டர், 127 கிலோ. ஆட்கள் 280. இரண்டு வார உணவு 84. கருவிகளும் உதிரிகளும் 80. துணி, புத்தகம், விளையாட்டுச் சாமான் 60. மொத்தம் 1,100 கிலோ. 120ஆல் வகுத்தால் 9 செ.மீ. 60 செ.மீ.யாக இருந்த இடைவெளி 51 ஆயிற்று, இன்னும் சைக்கிளும் இரண்டாவது நங்கூரமும் ஏறவில்லை.

செய்ய வேண்டியவை இவை. படகு காலியாக இருக்கும்போது நான்கு மூலைகளிலும், அதாவது இரண்டு அணியத்திலும் இரண்டு அமரத்திலும், நீர்மட்டத்தில் டேப் ஒட்டிக் குறியிடுங்கள். சாமான் ஏற்றிய பின் நான்கிலும் எத்தனை செ.மீ. இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். அமரப் படியின் அடிவிளிம்பு நீரில் முழுகி, ஓடும்போது பின்னால் நீர் கொப்பளித்து இழுபட்டால், படகு ஏற்கெனவே மிகுசுமையில் இருக்கிறது. வாங்கும்போது "சுமைத்திறன்" என்று எழுதியிருப்பதைக் கேளுங்கள். அதில் ஆட்களும் தண்ணீரும் டீசலும் அடக்கமா, இல்லையா என்பதையும் கேளுங்கள். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். கனமானவை எல்லாம் நீளத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள், தாழ்வாக இருக்க வேண்டும். அணியத்தில் இருக்கும் பெரிய பெட்டி பார்க்க ஆசையாக இருக்கும், காலியாக இருக்கட்டும். அங்கே ஏற்றிய 50 கிலோ படகை ஊஞ்சலாக்கி, அணியத்தை அலைக்குள் குத்த வைக்கும்.

குறைக்கும் வழிகளும் உண்டு. 10 மி.மீ. சங்கிலி மீட்டருக்கு 2.3 கிலோ, உயர்தர எஃகில் 8 மி.மீ. எடுத்தால் 60 மீட்டரில் 54 கிலோ மிச்சம், அதுவும் சரியாக அணியத்தில். ஈய அமில பேட்டரியில் பாதியளவே பயன்படுத்தலாம், லித்தியத்தில் 80 சதவீதம் வரை, எடையும் பாதிக்குக் குறைவு. ஆனால் பழைய ஆல்டர்னேட்டரை (எஞ்சினோடு சுழலும் மின்னாக்கியை) லித்தியத்தோடு நேரடியாக இணைத்துவிடாதீர்கள். லித்தியம் கேட்கிற மின்னோட்டத்தையெல்லாம் கொடுத்துக் கொடுத்தே ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜர் வேண்டும். கேபின் கூரையில் இடம் தாராளமாக இருப்பதால் 400 வாட் சோலார் தகடு வைக்கலாம். நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 1.6 யூனிட் கிடைக்கும், குளிர்ப்பெட்டிக்கும் தானியங்கிச் சுக்கானுக்கும் அது போதும்.

பழைய படகைப் பார்வையிடும்போது

தளத்தின் அடுக்குக்குள் பால்சா மரமோ நுரையோ இருக்கும். ஒவ்வொரு கைப்பிடித் தூணின் அடியிலும், ஜன்னல், மூடிகளின் ஓரத்திலும் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டுங்கள். "டக்" என்று கூர்மையாக ஒலித்தால் நலம். "பொத்" என்று மந்தமாக ஒலித்தால் அங்கே நீர் இறங்கி உள்மரம் ஊறியிருக்கிறது, அல்லது அடுக்கு பிரிந்திருக்கிறது. நட்டைச் சுற்றிலும் நட்சத்திரம்போல் மயிரிழை விரிசல் இருந்தால் ஈரமானியை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பாய்மரத்தின் கீழே உள்ள குறுக்குச் சுவர். இரண்டு உடல்களும் ஒவ்வொரு அலையிலும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்த முறுக்கைத் தாங்குவது இந்தச் சுவர்கள்தான். அலமாரிப் பலகைகளைக் கழற்றி, சுவர் உடலோடு சேரும் விளிம்பை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஒட்டுப்பட்டை பிரிந்திருக்கிறதா, மரத்தூள் உதிர்ந்திருக்கிறதா, கதவு இடுக்கிப் பிடிக்கிறதா? கதவைப் புதிதாக இழைத்திருப்பது சந்தேகத்துக்கு உரியது. கதவு மாறவில்லை, சட்டம் மாறியிருக்கிறது.

இரண்டு அணியங்களுக்கும் நடுவே விரித்திருக்கும் முன்வலையையும், பாய்மரத்தை முன்னால் பிடிக்கும் முன்கம்பியையும் தாங்கும் குறுக்குக் கம்பத்தின் இரு முனைகளிலும் அலுமினியம் வெண்பொடியாக அரித்திருக்கிறதா என்று பாருங்கள். எஃகு ஆணியும் அலுமினியமும் உப்பில் சேரும் இடம் அது. வலையைக் காட்டிலும் வலையைக் கட்டியிருக்கும் கயிறுதான் முதலில் வெயிலில் நைந்துபோகும். விரல் நகத்தால் சுரண்டி நூல் உதிர்ந்தால் அன்றே மாற்றுங்கள். அதன்மேல்தான் பிள்ளைகள் குதிக்கப் போகிறார்கள்.

எஞ்சினுக்கு செயில்டிரைவ் (உடலின் அடியைத் துளைத்து நேரே கீழே இறங்கும் புரொப்பெல்லர் கால்) இருந்தால், உடலின் ஓட்டையை அடைத்திருக்கும் பெரிய ரப்பர் வளையத்தின் வயதைக் கேளுங்கள். வோல்வோ பென்டா 7 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. இரண்டு எஞ்சின் என்றால் இரண்டு வளையம், இரண்டு மடங்கு செலவு. பாய்மரக் கம்பிகள் 10 வயதைத் தாண்டியிருந்தால் விலையில் கழித்துக்கொள்ளுங்கள், காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் அதையே கேட்கும்.

ஐரோப்பியத் தரத்தைக் காட்டும் சி.இ. முத்திரைத் தகட்டில் ஏ என்றால் (போஃபர்ட் காற்று அளவில்) 8ஆம் விசைக்கு மேற்பட்ட காற்றும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையும் எதிர்பார்த்துக் கட்டியது. பி என்றால் 8ஆம் விசை, 4 மீட்டர் வரை. சி என்றால் 6ஆம் விசை, 2 மீட்டர் வரை. அதே தகட்டில் ஏற்றத்தக்க அதிகபட்சச் சுமையும் இருக்கும். முன்பு போட்ட 1,100 கிலோவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாயைக் காற்றுமானி பார்த்துக் குறைத்தல்

ஒற்றையுடல் படகில் சராசரிக் காற்றுக்கு ரீஃப் போடலாம், வீச்சு (திடீரென்று வலுக்கும் காற்று) வந்தால் சாய்ந்து காற்றைச் சிந்திவிடும். கேட்டமரான் சாயாததால் வீச்சின் முழு விசையும் கம்பியிலும் மரத்திலும் ஏறும். ஆகவே வீச்சுக்கு ரீஃப் போடுங்கள். 20 நாட்டும் 28 நாட்டும் பக்கத்துப் பக்கத்து எண்களாகத் தெரியும். ஆனால் விசை காற்றின் வேகத்துக்கு இருமடியில் ஏறுவதால், இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கையேட்டில் ரீஃப் அட்டவணை இருக்கும், அதை அச்செடுத்துச் சுக்கானருகே ஒட்டுங்கள். 10, 11 மீட்டர் குடும்பப் படகுகளில் பொதுவாக, தோற்றக் காற்று (ஓடும் படகில் உணரும், மானி காட்டும் காற்று) 18 முதல் 20 நாட்டில் முதல் ரீஃப், 25இல் இரண்டாவது, 30இல் மூன்றாவது. இரவில் ஒரு படி முன்னதாகவே போட்டுவிடுங்கள்.

காற்று பின்னாலிருந்து வரும்போதுதான் ஏமாந்துபோவோம். உண்மைக் காற்று 22 நாட், படகு 7 நாட்டில் காற்றோடு ஓடுகிறது. மானியில் 15 தெரியும், எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ காரணத்துக்காகப் படகைக் காற்றை நோக்கித் திருப்பினால் அதே காற்று மானியில் 27 காட்டும், பாயின்மேல் விசை மூன்று மடங்குக்கு மேல். அதனால் பின்காற்றில் ஓடும்போது உண்மைக் காற்றின் எண்ணை வைத்தே ரீஃப் முடிவு செய்யுங்கள்.

அந்த நிலையில் பாயைக் குறைப்பதும் கடினம். பெரும்பாலான கேட்டமரான்களில் பாய்மரத்தைப் பின்னால் பிடிக்கும் பின்கம்பி கிடையாது, பக்கக் கம்பிகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பெரிய பாய் அவற்றின்மேல் அழுந்திக்கிடக்கும்போது கீழே இறங்காது, இழுத்தால் கிழியும். காற்றோடு திரும்பும் முன்பே ரீஃப் போட்டுவிடுவது சுலபம். காற்று வலுத்துக்கொண்டே போனால் பெரிய பாயை முழுக்க இறக்கிவிட்டு முன்பாயில் மட்டும் ஓடுங்கள், படகு அடங்கி ஓடும். பெரிய பாயின் அடியில் உள்ள பாய்க்கட்டை எதிர்பாராமல் மறுபக்கம் அடிக்காமலிருக்க அதை ஒரு கயிற்றால் முன்னோக்கிக் கட்டிவையுங்கள்.

வீச்சு எதிர்பாராமல் அடித்தால் எந்தப் பக்கம் திரும்புவது? தோற்றக் காற்று பக்கவாட்டுக்கு முன்னாலிருந்தால் காற்றை நோக்கித் திரும்புங்கள். பின்னாலிருந்தால் காற்றோடு இன்னும் விலகித் திரும்புங்கள். பின்காற்றில் பயந்துபோய்க் காற்றை நோக்கிச் சுழற்றுவதுதான் கவிழ்க்கும் பிழை. காற்றின் விசையும் கூடும், படகு திரும்பும் வேகமும் அதே பக்கம் தள்ளும்.

காற்றைக் கடந்து திருப்புவதில் பயிற்சி வேண்டும். கேட்டமரான் எடை குறைவு, ஓட்டவேகம் சட்டென்று செத்துவிடும். முதலில் காற்றுக்கு நெருக்கமாக, நல்ல வேகத்தில் ஓடவிடுங்கள். சுக்கானை நிதானமாகத் திருப்புங்கள், ஒரே வெட்டில் திருப்பினால் சுக்கானே பிரேக்காகிவிடும். முன்பாயை உடனே விடாதீர்கள். அணியம் காற்றைக் கடந்து, பாய் பின்பக்கமாகக் காற்று வாங்கி அணியத்தைத் தள்ளிய பிறகு விடுங்கள். பெரிய பாயின் கயிற்றை ஒரு முழம் தளர்த்தி, புதிய பக்கத்தில் வேகம் பிடித்த பின் இழுங்கள். நடுவில் நின்றுபோனால் படகு பின்னோக்கி நகரும். சுக்கானை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தால் தானே விலகும். அலை பெரிதாக இருந்தால் கௌரவம் பார்க்காமல் காற்றொதுக்குப் பக்கத்து (காற்று வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து) எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டுங்கள்.

துறையில்

இரண்டு எஞ்சின் இருந்தால் சுக்கானை நடுவில் பூட்டிவிட்டு, ஒன்றை முன்னோக்கியும் மற்றதைப் பின்னோக்கியும் ஓட்டினால் படகு நின்ற இடத்திலேயே சுழலும். காற்று பக்கவாட்டில் 15 நாட்டுக்கு மேல் அடித்தால் அணியம்தான் முதலில் அடித்துச் செல்லப்படும். அமரத்தைக் காற்றுப்பக்கம் வைத்து நுழைவது அப்போது எளிது.

நங்கூரம், இரட்டைக் கயிறு

ஒரே ஒரு சங்கிலியில் நிறுத்தினால் கேட்டமரான் இரவு முழுக்க இடமும் வலமும் ஓடும். இரண்டு அணியத்திலிருந்தும் கயிறு வந்து சங்கிலியில் சேரும் முக்கோணம்தான் அதை நேராக நிறுத்துகிறது. 10 மீட்டர் படகுக்கு 14 மி.மீ. நைலான் கயிறு, ஒவ்வொரு காலும் அணியங்களுக்கு இடையே உள்ள தூரத்துக்குக் குறையாமல். நைலான் நீள்வதால் வீச்சின் அதிர்வை விழுங்கும், நீளாத கயிறு இங்கே பயன்படாது.

எத்தனை மீட்டர் சங்கிலி என்பதற்கு ஆழத்தை மட்டும் எடுக்காதீர்கள். ஆழம் 4 மீட்டர், ஓதம் (கடல்நீர் ஏற்றம்) இன்னும் 1.5 மீட்டர் ஏறும், நீர்மட்டத்திலிருந்து அணியம் 1.2 மீட்டர்: மொத்தம் 6.7. ஐந்து மடங்கு என்றால் 33.5 மீட்டர். காற்று வலுக்கும் என்றால் ஏழு மடங்கு, 47 மீட்டர்.

சங்கிலியை விட்டுக்கொண்டே மெதுவாகப் பின்னோக்கிப் போங்கள், குவியலாகக் கொட்டாதீர்கள். நீளம் முடிந்ததும் இரட்டைக் கயிற்றை ஒரு கொக்கியால் சங்கிலியில் மாட்டி, அணியத்துக்கு வெளியே போகவிடுங்கள். பிறகு இன்னும் 2 மீட்டர் சங்கிலியை விட்டு, கொக்கிக்கும் வின்ச்சுக்கும் (சங்கிலியைச் சுற்றி இழுக்கும் பொறிக்கும்) நடுவே தளர்ந்து தொங்கவிடுங்கள். இழுவை முழுதும் கயிற்றில் வர வேண்டும், வின்ச்சில் வரக்கூடாது. கடைசியில் இரண்டு எஞ்சினையும் பின்னோக்கி நிமிடத்துக்கு 1,500 சுற்றில் 30 விநாடி ஓட்டி, கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருள்களைப் பாருங்கள். ஒன்றையொன்று விட்டு நகர்ந்தால் நங்கூரம் பிடிக்கவில்லை.

அடிக்கடி ஏற்படும் கோளாறு, காற்று ஓய்ந்த நேரத்தில் கயிறு தளர்ந்து கொக்கி தரையில் படுத்து, சங்கிலியிலிருந்து கழன்றுவிடுவது. காற்று திரும்ப வரும்போது வின்ச்சின் பல் நொறுங்கும் சத்தத்தில்தான் விழிப்பீர்கள். திறந்த கொக்கிக்குப் பதிலாகத் தாழ்ப்பாள் உள்ள கொக்கியோ, சங்கிலி வளையத்தினூடே போகும் கயிற்று ஷேக்கிளோ (கயிற்றால் ஆன இணைப்பு வளையமோ) போடுங்கள். கயிறு அணியத்தில் உரசும் இடத்தில் தோலோ ரப்பர் குழாயோ சுற்றுங்கள்.

பிள்ளைகள், இரவு, தலைகீழ்

ஓடும் படகில் முன்வலையில் யாரும் இருக்கக்கூடாது. அலை வலைக்கு அடியிலிருந்து எழும்பி ஆளைத் தூக்கிவிடும். கைப்பிடிக் கம்பிகளுக்கிடையே வலை கட்டுங்கள், பிள்ளைகளின் மிதவைச் சட்டையில் கால்களுக்கிடையே போகும் பட்டை இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சட்டை மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். அமரப் படிகள் குளிக்க ஏற இறங்க அருமை, அலையில் விழுந்தவரை ஏற்ற ஆபத்து: படி மேலெழும்பித் தலையில் இறங்கும். அலை இருந்தால் படகின் நடுப்பகுதியிலிருந்து, கயிற்றுக் கப்பியால் தூக்குங்கள். இருவரில் கனம் குறைந்தவர் கனமானவரைத் தூக்க முடிகிறதா என்று அமைதியான நாளில் சோதித்துப் பாருங்கள்.

கவிழ்ந்த கேட்டமரான் தானாக நிமிராது. ஆனால் பெரும்பாலும் மூழ்காது, தலைகீழாக மிதக்கும். எனவே அதன்மேலேயே தங்குவதற்கு ஏற்பாடு வேண்டும். இபிர்ப் கருவி (ஆபத்தில் இருப்பிடத்தைச் செயற்கைக்கோளுக்கு அறிவிப்பது), தண்ணீர், டார்ச், கயிறு, கத்தி அடங்கிய பையை, படகு தலைகீழானாலும் கை எட்டும் இடத்தில் கட்டிவையுங்கள். பல படகுகளில் உடலின் உட்பக்கச் சுவரில், நடுத்தளத்துக்குக் கீழே, தப்பிக்கும் மூடி ஒன்று இருக்கும். கடலில் ஓடும்போது அது முழுக்கப் பூட்டியிருக்க வேண்டும், ஏனென்றால் அலை அறையும் இடத்திலேயே அது இருக்கிறது, நீர்மட்டத்துக்கு மேலே அரை முழம்கூட இருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை அதன் ஒட்டுப்பசையையும் ரப்பரையும் பார்த்து, கைப்பிடிக்கு கிரீஸ் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு திறக்கவும் எல்லாரும் பழகட்டும். தலைகீழானால் கைப்பிடி திரும்பும் திசை எதிராகத் தோன்றும், பக்கத்தில் அம்புக்குறி வரைந்துவையுங்கள்.